நாணயம் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

திருவிதாங்கூர் நாணயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, தமிழக-கேரள எல்லையின் இருபுறத்திலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள், நாணயம் சேகரிப்பதை எங்கிருந்து, எப்படித் தொடங்குவது என்ற ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

செங்கோட்டை வாசகர்: ஐயா, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் நாணயம் சேகரிக்கப் போவதாகச் சொல்கிறான். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக எப்படித் தொடங்குகிறார்கள்? முதலில் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்?

பணம் எதுவும் ஒதுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களிடம் பேசினால், அவர்களில் மிகப் பலர் கடைக்குப் போய் வாங்கித் தொடங்கியவர்கள் அல்லர் என்பது தெரியும். சிலருக்குப் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்திலோ சுருக்குப் பையிலோ கிடந்த ஓட்டைக் காலணா தொடக்கமாக அமைந்திருக்கிறது. சிலருக்கு வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்த மாமா கையில் வைத்துவிட்டுப் போன திர்ஹமும் ரியாலும் தொடக்கம். வேறு சிலர் கடையில் கிடைத்த சில்லறையைத் திருப்பிப் பார்த்து, ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு ரூபாய்க் காசுகளில் ஆண்டுக்குக் கீழே வெவ்வேறு குறி இருப்பதைக் கண்டு, ஏன் இப்படி என்று கேட்கத் தொடங்கியவர்கள். என் கருத்தில் மூன்றாவது வழியே சிறுவர்களுக்கு மிக ஏற்றது. அதற்குச் செலவில்லை, ஏமாற்றுக்கு இடமில்லை, கண்ணுக்குப் பயிற்சியும் கிடைக்கிறது.

உங்கள் பேரனிடம் வீட்டில் உள்ள ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை எல்லாம் ஒரு தட்டில் கொட்டிக் கொடுங்கள். ஆண்டு அச்சிடப்பட்டுள்ள இடத்தின் கீழே சிறிய வைரக் குறி இருந்தால் அது மும்பை நாணயச் சாலையில் (நாணயம் அடிக்கும் அரசு ஆலையில்) அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சிறிய வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இந்த நான்கையும் அறிந்த சிறுவனுக்கு, ஒரே ஆண்டின் ஒரு ரூபாயை நான்கு நாணயச் சாலைகளிலிருந்தும் திரட்டுவதே சில மாதங்களுக்கு நல்ல வேலையாக இருக்கும். சில ஆண்டுகளில் நம் நாணயச் சாலைகளின் உற்பத்தி போதாமல் வெளிநாட்டிலும் நாணயம் அடித்து வாங்கியிருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆண்டின் அருகே ஆங்கில ‘எச்’ எழுத்து இருக்குமானால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. பாட்டனின் பழைய உண்டியலில் இப்படி ஒன்று கிடைக்கும்போது பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சியை, விலை கொடுத்து வாங்கும் எந்த நாணயத்தாலும் தர முடியாது.

அடுத்த படியாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உலகத்து நாணயங்களை எல்லாம் சேர்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலேயே களைத்துவிடுகிறார்கள். எல்லைப் பகுதியில் வாழும் நமக்குக் கைக்கு எட்டிய அருமையான பொருள் ஒன்று உண்டு. தமிழகத்தோடும் கேரளத்தோடும் தொடர்புடைய நினைவு நாணயங்களே அவை. தஞ்சாவூரில் 1995இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயங்கள் வந்தன. காமராசர் நூற்றாண்டு, அறிஞர் அண்ணா நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு ஆகியவற்றுக்கும் ஐந்து ரூபாய் நாணயங்கள் உண்டு. மலையாளக் கரையிலிருந்து நாராயண குருவும் புனித அல்போன்சாவும் அதே ஐந்து ரூபாயில் இடம்பெற்றிருக்கிறார்கள். இவற்றில் பல புழக்கத்துக்கு விடப்பட்டவை என்பதால், பேருந்து நடத்துநரின் பையிலிருந்தும் கோயில் காணிக்கைச் சில்லறையிலிருந்தும் இன்றும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவதாக நீங்களே அவனுக்கு ஆசிரியராக அமரலாம். 1957 ஏப்ரல் 1ஆம் நாள் பதின்ம முறை வருவதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 ‘பை’ (காலணாவில் மூன்றில் ஒரு பங்கு) என்று கணக்கிட்டார்கள். அதன் பிறகு ரூபாய்க்கு 100 நயா பைசா ஆயிற்று. 1964 ஜூன் முதல் ‘நயா’ என்ற அடைமொழியை விட்டுவிட்டார்கள். அணா ஒன்றுக்கு ஆறே கால் நயா பைசா என்பதால், மாற்றிக் கொடுக்கும்போது கால் பைசா யாருக்குச் சேரும் என்ற சிக்கல் கடைதோறும் எழுந்திருக்க வேண்டும். சதுர ஐந்து பைசா, அறுகோண மூன்று பைசா, விளிம்பில் அலையலையாக வளைவுகள் கொண்ட பத்துப் பைசா, 1968 முதல் சில ஆண்டுகள் வந்த தாமரைப் பூப் பித்தளை இருபது பைசா என்று வடிவம் வடிவமாக வைத்துக் காட்டுங்கள். 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவை ஆகிவிட்டன. ஆகவே உங்கள் பேரனுக்கு இவை எல்லாம் வரலாற்றுப் பொருள்கள்தாம்.

தோவாளை வாசகர்: எங்கள் தாத்தாவின் பெட்டியில் சங்குச் சின்னம் போட்ட வெள்ளி நாணயம் ஒன்று இருக்கிறது. அதில் 1118 என்று ஆண்டு உள்ளது. தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான நாணயம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

தொள்ளாயிரம் ஆண்டு இல்லை. ஆனால் உங்கள் ஊரின் கதை அந்த நாணயத்துக்குள் இருக்கிறது. சங்கு திருவிதாங்கூர் அரசின் சின்னம். அந்த அரசு மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டைப் பின்பற்றியது. அந்த ஆண்டு ஆவணி மாதத்தில், அதாவது மலையாளச் சிங்ங மாதத்தில் பிறப்பது. கொல்லம் ஆண்டோடு 824ஐயோ 825ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அந்தக் கணக்கில் 1118 என்பது 1942 ஆகஸ்டு முதல் 1943 ஆகஸ்டு வரையிலான காலம், அதாவது 1931 முதல் 1949 வரை ஆண்ட சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் காலம். தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த திரு-கொச்சியோடும் இருந்த நிலப்பகுதிகள் என்பதால், சங்கு நாணயங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளிலும் செங்கோட்டை வீடுகளிலும் கிடைப்பது முற்றிலும் இயல்பானது.

அந்தக் கணக்கு முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் திருவிதாங்கூர் நாணயத்தைச் சேர்ப்பதில் பொருளில்லை. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, அந்த ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். எல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் அந்த அரைச் சக்கரத்தை ஒவ்வொரு ரூபாய்க்கும் மனக்கணக்காகப் போட்டாக வேண்டும். பழைய வெள்ளிச் சக்கரம் உளுந்தை விடச் சற்றே பெரியது, அரை கிராம் எடை கூட இராது. அதை விரலால் எண்ண முடியாது என்பதால் சக்கரப் பலகை என்ற ஒரு கருவி வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். கைநிறையச் சக்கரங்களை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிஞ்சியவற்றை வழித்துவிட்டுப் பார்த்தால் எண்ணிக்கை தானே தெரிந்துவிடும். உங்கள் வீட்டுப் பரணிலோ, குழிகள் நிறைந்த பழைய பலகை ஒன்று எதற்கென்று தெரியாமல் கிடக்கும் உறவினர் வீட்டிலோ இப்படி ஒன்று அகப்பட்டால், நாணயங்களை விடப் பத்திரமாக அதைக் காப்பாற்றுங்கள்.

பாறசாலை வாசகர்: ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா, 1818ஆம் ஆண்டு, எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. இருபது லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு முன் பதிவுக் கட்டணமாக ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. இது நாணயமே அல்ல. கம்பெனி இப்படி ஒரு நாணயத்தை எந்த ஆண்டும் அடிக்கவில்லை. 1616, 1717, 1818, 1839 என்று விருப்பம்போல் ஆண்டைப் போட்டு, ஒரு பக்கம் ராமர் அல்லது அனுமார், மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனியின் பெயர் என்று பிற்காலத்தில் வார்த்து விற்ற வில்லைகள் இவை. பூசை அறையில் வைத்து வழிபடுகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பணமதிப்பு பித்தளையின் விலைதான்.

கம்பெனி நாணயத்தில் தெய்வ உருவமே இருந்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. சென்னையில் கம்பெனி வெளியிட்ட தங்க வராகன் ஒன்றில் பெருமாளும் இரு தேவியரும் நிற்பார்கள். மூன்று சாமி வராகன் என்றே அதற்குப் பெயர். ஆனால் அது மூன்றரை கிராம் கூட வராத சிறு தங்க மணி. அதில் ஆங்கில எழுத்தும் கிடையாது, அணாக் கணக்கும் கிடையாது. உண்மையான கம்பெனிக் காலணாவைப் பார்க்க வேண்டுமானால் 1835ஆம் ஆண்டுச் செப்புக் காலணாவைத் தேடுங்கள். கம்பெனியின் சிங்கச் சின்னம் ஒரு புறம், மதிப்பு மறுபுறம் இருக்கும். ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்றும் எளிய விலையில் கிடைப்பது அது. சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காமில் 1803, 1808ஆம் ஆண்டுகள் பொறித்து அடித்த பத்துக் காசும் இருபது காசும் அவ்வாறே தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்று 1809இல் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கிப் போய், பல தலைமுறைக்குப் பிறகு அந்தக் காசுகளைக் கடலிலிருந்து எடுத்தார்கள். கடலில் கிடந்த அந்தக் காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

முன்பணம் கேட்கும் வேலை இன்னொரு பெரிய ஏமாற்று. வைஷ்ணவ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்றும், ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொள்கிறது என்றும் கைப்பேசியில் செய்தி வரும். பிறகு வரி, கமிஷன், பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பழைய நாணயங்களையோ நோட்டுகளையோ வாங்கவும் விற்கவும் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. நம் எல்லைப் பகுதியில் இதன் இன்னும் கொடிய உருவம் ஒன்று உலவுகிறது. அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு, இரிடியம் கலந்த காசு என்று சொல்லி வீடு நிலத்தை விற்கவைக்கும் கூட்டம் அது. அரிசியை இழுக்கும் உலோகம் எதுவும் உலகில் இல்லை. இப்படி யாரேனும் வந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ஆசையைவிட வெட்கம்தான் பலரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கிறது, அந்த வெட்கத்தை ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

கொல்லங்கோடு வாசகி: பழைய செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாக இருக்கிறது. அப்படி வைத்துக்கொள்ளலாமா?

அம்மா, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். செப்பின் மேல் பல ஆண்டுகளில் படியும் பழுப்பும் பசுமையும் கலந்த மெல்லிய படலம் அதன் காப்பு. புளியும் எலுமிச்சையும் சாம்பலும் அந்தப் படலத்தோடு எழுத்தின் கூர்மையையும் சேர்த்துக் கரைத்துவிடும். தேய்த்த காசை விவரம் அறிந்தவர் விளக்கில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தாலே, மேற்பரப்பில் நூல்நூலாக ஓடும் கீறல்களைக் கண்டுகொள்வார். அதன்பிறகு அவர் சொல்லும் விலை பாதியாகிவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மென்மையான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் பொடி தெரிந்தால் மட்டும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவையுங்கள், அது உலோகத்தை அரிக்கும் நோய். நாணயத்தைத் தூக்கும்போது இரு முகங்களையும் தொடாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே கற்றுக்கொடுங்கள்.

மூணாறு வாசகர்: மழைக்காலத்தில் ஆல்பத்தில் வைத்த நாணயங்களில் பசைபோலப் பச்சையாக ஏதோ ஒட்டுகிறது.

பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் செய்யும் வேலை அது. மலிவான ஆல்பங்கள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. நாணயக் கடைகளில் மைலார் என்ற, பி.வி.சி. கலவாத தெளிவான படலம் ஒட்டிய சதுர அட்டைகள் கிடைக்கும். அவற்றுக்கு மாறி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அட்டையின் ஓரத்தில் எந்த நாணயம், யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்போது கிடைத்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். இந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாத சேகரிப்பை அடுத்த தலைமுறையால் ஒன்றும் செய்ய முடியாது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: தென்னந்தோப்பில் குழி தோண்டும்போது சிறு பானையில் காசுகள் கிடைத்தால் நிலத்துக்காரர் வைத்துக்கொள்ளலாமா? பக்கத்து ஊரில் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது.

வைத்துக்கொள்ளக் கூடாது. புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே உள்ள விதி. கேரளத்துக்கென்று 1968ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. கிராம அலுவலகத்தில் எழுத்து மூலம் சொல்லிவிடுவதே முறையும் பாதுகாப்பும் ஆகும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள்களாகவே கருதப்படுகின்றன, அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதும் குற்றம்.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு காரணத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், அதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குக் கரையில் இறங்கிய ரோமானியச் சரக்கு கொங்கு நாட்டுக்குள் வந்த வழி அது. திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1945இல் கிடைத்த புதையலில் ரோமானியத் தங்கக் காசும் வெள்ளிக் காசும், நம் நாட்டு முத்திரைக் காசுகளும் (சின்னங்களைக் குத்திப் பதித்த பழங்காசுகளும்) ஒன்றாகவே இருந்தன. அவை ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்ததால்தான், அந்தக் காலத்தில் இவ்விரண்டும் ஒரே கைகளில் புழங்கின என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. ஒரு பானையைப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்டு நகைக்கடைக்காரரிடம் உருக்கக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது சில கிராம் உலோகம் மட்டுமே. கரூர் அமராவதி ஆற்றுப் பகுதியில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற சேரர் பெயர் பொறித்த காசுகளையும் உருக்கிவிட்டிருந்தால், அந்தப் பெயர்களைக் காசில் படித்தறியும் வாய்ப்பே நமக்கு இல்லாமல் போயிருக்கும்.

களியக்காவிளை வாசகர்: இவற்றையெல்லாம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள அருகில் இடம் உண்டா?

உங்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காடு தொலைவில்லை. அங்குள்ள கோயிக்கல் அரண்மனையில் கேரளத் தொல்லியல் துறை நாணயக் காட்சியகம் ஒன்றை நடத்துகிறது. திருவிதாங்கூர் நாணயங்களில் தொடங்க விரும்பும் எவரும் ஒரு நாணயம் கூட வாங்குவதற்கு முன்பு அங்கே அரைநாள் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அசலை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான் போலி தனித்துத் தெரியும். சென்னைக்குப் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பையும், மும்பைக்குப் போக நேர்ந்தால் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள். புதிய நினைவு நாணயங்கள் வேண்டுமென்றால் அரசு நாணயச் சாலைகளே இணையத்தின் வழியாக முன்பதிவு பெற்று அனுப்புகின்றன. இடைத்தரகரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நெடுமங்காட்டுக்குத் திங்கட்கிழமை புறப்படுவதற்கு முன் காட்சியகம் அன்று திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகங்கள் பல அன்று விடுமுறை விடுவது வழக்கம்.